குளிர்கால மீன்குளம்: தெளிந்த தண்ணீரை நம்பலாமா?

கேள்வி இதுதான்: கொல்லைப்புறத்தில் சுமார் 4000 லிட்டர் கொள்ளும் குளம். ஆறு கோய் (வண்ணக் கெண்டை மீன்), கொஞ்சம் தங்கமீன். தண்ணீர் 6 டிகிரிக்கு இறங்கிவிட்டது, சில காலைகளில் மேலே மெல்லிய பனித்தகடு கட்டுகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் டெஸ்ட் கிட் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், பிஎச் (அமில-கார அளவு) 7.6 என்று காட்டுகிறது. ஃபில்டரை நிறுத்தலாமா? தண்ணீரை மாற்ற வேண்டுமா? மீனுக்குத் தீனி போடலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீனியை இன்றோடு நிறுத்துங்கள். அவசரப்பட்டுப் பாதித் தண்ணீரை மாற்றாதீர்கள். ஃபில்டர் விஷயத்தில் இரண்டு வழி உண்டு, எதை எடுத்தாலும் முழுதாகச் செய்ய வேண்டும். அந்த 0.5 இப்போதைக்கு மீனைக் கொல்லாது, ஆனால் வசந்தம் வரும்போது அதே 0.5 வேறு மாதிரி நடந்துகொள்ளும். குளிர்காலத்தில் குளத்துக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சக்தி ஏறக்குறைய இல்லை. ஆகவே சுத்தம் செய்ய வேண்டிய எதையும் அதற்குள் போடாமல் இருப்பதுதான் இந்தச் சில மாதங்களுக்கான பராமரிப்பு. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற விவரங்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதைப் பச்சையாக்கும் மிதக்கும் பாசி வெயில் குறைந்து குளிரில் செத்துப்போனதுதான். மீனும் அசையாமல் அடியில் கிடப்பதால் கசடு கிளம்புவதில்லை. மீனுக்கு விஷமான அம்மோனியாவுக்கும், அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டுக்கும் நிறமே கிடையாது. கோடையில் கலங்கிய பச்சைக் குளத்தில் மீன் கொழுத்துத் திரியும், தை மாதத்துத் தெளிந்த குளத்தில் நோய்ப்பட்டுக் கிடக்கும். கண்ணை நம்பாமல் கிட்டை நம்பியது நல்ல பழக்கம்.

ஆனால் அந்தக் கிட்டையும் குளிர்காலத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். சொட்டுமருந்து வகைக் கிட்டில் நிறம் உருவாவது ஒரு வேதிவினை. 6 டிகிரித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குளத்தங்கரையிலேயே ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் நிறம் முழுதாக வந்திருக்காது, அளவு குறைவாகத் தெரியும். மாதிரித் தண்ணீரை ஒரு சிறு பாட்டிலில் விளிம்புவரை, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அறையின் சூட்டுக்கு வந்தபிறகு மருந்தை விடுங்கள். விளிம்புவரை நிரப்பச் சொல்வது பிஎச்சுக்காக: பாட்டிலில் காற்று இருந்தால் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

சரி, 0.5 என்ற எண்ணுக்கு வருவோம். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அது தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அது மீனுக்குப் பெரிய தொந்தரவில்லை. இன்னொன்று தனி அம்மோனியா, செவுளைப் பொசுக்குவது இதுதான். மொத்தத்தில் தனி அம்மோனியா எத்தனை பங்கு என்பதை பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. உங்கள் குளத்தில், 6 டிகிரியில், பிஎச் 7.6ல், அது கிட்டத்தட்ட அரை சதவீதம்தான். அதாவது 0.5ல் தனி அம்மோனியா சுமார் 0.003 மில்லிகிராம். 0.02க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்பது மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதே 0.5 வசந்தத்தில் தண்ணீர் 20 டிகிரிக்கு ஏறி, புதுப்பாசி வளர்ந்து பிற்பகலில் பிஎச் 8.5ஐத் தொட்டால், தனி அம்மோனியா பத்து சதவீதத்தைத் தாண்டும். 0.05க்கு மேல் போய்விடும். எண் மாறவில்லை, விஷம் மட்டும் இருபது மடங்கு ஏறிவிட்டது.

இந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மீன் பட்டினி கிடந்தாலும் செவுள் வழியாகக் கொஞ்சம் விட்டுக்கொண்டேதான் இருக்கும். மீதி, அடியில் கிடக்கும் இலை, கழிவு, தின்னாமல் விட்ட தீனி அழுகுவதால் வருவது. அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா 25, 30 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், 4, 5 டிகிரியில் ஏறக்குறைய நின்றேவிடும். செத்துவிடாது, உறங்கும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை வாங்கி ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே குளத்தில் இருப்பதே வேலை செய்யாத குளிரில் புதிதாக ஊற்றுவது மட்டும் என்ன செய்துவிடும்?

அதனால்தான் தீனியில் இவ்வளவு கண்டிப்பு. கோய்க்கும் தங்கமீனுக்கும் இரைப்பை கிடையாது, வாயிலிருந்து நேரே குடல்தான். சூடு இறங்க இறங்கக் குடலின் வேகமும் குறையும். பொதுவான அளவு இது: தண்ணீர் 15 டிகிரிக்கு மேல் இருந்தால் வழக்கமான தீனி. 10க்கும் 15க்கும் நடுவில் கோதுமை முளை கலந்த, புரதம் குறைந்த தீனி, அதுவும் கொஞ்சமாக. 10க்குக் கீழே ஒன்றுமே வேண்டாம். ஆனால் எந்த நேரத்து டிகிரி என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். வெயில் அடித்த மதியம் மேல்தண்ணீர் 11 காட்டும், மீனும் மேலே வந்து வாயைத் திறந்து காட்டும். மனம் இளகி ஒரு கைப்பிடி போட்டுவிடுவோம். இரவு மறுபடி 5க்கு இறங்கும், தின்றது குடலில் அப்படியே தேங்கும். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி நடு ஆழத்துக்கு இறக்கி, விடிகாலையில் பாருங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு. மாதக்கணக்கில் பட்டினி போடுவதா என்று வருத்தப்பட வேண்டாம். மழைக்காலம் முடிவதற்குள் நன்றாகத் தின்று கொழுப்புச் சேர்த்த மீன், இந்தக் குளிரில் மிகக் குறைந்த செலவில் உயிரை ஓட்டும்.

அடுத்தது பம்ப். இதில் தண்ணீரின் ஒரு விசித்திரக் குணத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகி மேலே வரும். அதனால் மேலே பனிக்கட்டி படர்ந்திருந்தாலும், ஓரளவு ஆழமான குளத்தின் அடியில் 4 டிகிரி அடுக்கு ஒன்று நிற்கும். மீன் போய் முடங்குவது அங்கேதான். அடியில் வைத்த பம்ப் அந்த வெதுவெதுப்பை உறிஞ்சி மேலே தள்ளி, அருவியில் கொட்டிக் குளிரக் குளிரத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாளில் குளம் முழுதும் 1, 2 டிகிரிக்கு வந்துவிடும். கோய் அதைத் தாங்குவது கடினம். எனவே அருவி, நீரூற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பம்பை ஓட்டுவதென்றால் மேல்மட்டத்திலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் தூக்கி வையுங்கள். காற்றைக் குமிழியாக விடும் ஏர் ஸ்டோனும் அப்படித்தான், அடியில் வேண்டாம்.

ஃபில்டரை ஓட்டுவதா நிறுத்துவதா என்பதற்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன்: குழாய் உறைந்து வெடிக்கும் அளவுக்குக் குளிர் இல்லையென்றால் ஓட்டுங்கள். வேகத்தைக் குறைத்து, அருவிக்குப் போகாமல் நீர்மட்டத்திலேயே திரும்பும்படி குழாயை மாற்றி ஓட்டுங்கள். உறங்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் வசந்தத்தில் அது சீக்கிரம் எழும். கடும் உறைபனி உள்ள இடமென்றால் நிறுத்துங்கள். நிறுத்துவதென்றால் ஃபில்டர், குழாய், யூவி விளக்கின் கண்ணாடி உறை எல்லாவற்றையும் வடித்துக் காயவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. தண்ணீரோடு நிறுத்திய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து எல்லாம் அழுகும். சில வாரம் கழித்து ஒரு நல்ல வெயில் நாளில் ஸ்விட்சைத் தட்டினால், அந்த அழுகல் மொத்தமும் நேரே மீன்மேல் கொட்டும். நிறுத்திய ஃபில்டரைக் கழுவாமல் ஒருபோதும் இயக்காதீர்கள்.

இனி, மேலே முழுதாக மூடிக்கொள்ளும் பனிக்கட்டி. குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகமாகப் பிடித்து வைக்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் என்றால், 4 டிகிரியில் 13. மீனின் தேவையும் குறைவு. ஆக ஓரிரு நாள் மூடியிருந்தால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் மூடியிருந்தால்தான் சிக்கல். அடியில் அழுகும் கசடு ஆக்சிஜனைத் தின்றுகொண்டே கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விட்டுக்கொண்டிருக்கும், அவை வெளியேற வழியில்லை. பனிக்கட்டியின்மேல் வெண்பனி குவிந்தால் இன்னும் மோசம். வெளிச்சம் புகாததால், அடியில் உயிரோடிருக்கும் செடியும் பாசியும் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும். துடைப்பத்தால் பாதிப் பரப்பையாவது பெருக்கிவிடுங்கள். சில தவளைகளும் குளத்தின் அடியில் உறங்கும், அவற்றுக்கும் இது உதவும்.

திறப்பு ஒன்று, ஓரடி அகலத்துக்கு இருந்தால் போதும். மிதக்கும் ஹீட்டர் வைக்கலாம், ஏர் பம்ப் வைத்துக் குமிழி விடலாம். ஹீட்டர் குளத்தைச் சூடாக்காது, அந்தத் துளையை மட்டும் காக்கும், அது போதும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறிப் பம்புக்குள் வந்துவிடும். காற்றுக் குழாய்க்குள் ஈரம் படிந்து உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு, குமிழி நின்றால் முதலில் அதைப் பாருங்கள். எதுவுமே இல்லாமல் குளம் மூடிக்கொண்டுவிட்டதா? ஒரு பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி, கைப்பிடியில் கயிறு கட்டிப் பனிக்கட்டிமேல் வையுங்கள். உருகி உள்ளே இறங்கும், கயிறு இருப்பதால் பாத்திரம் கையை விட்டுப் போகாது. சுத்தியலால் உடைக்கவே கூடாது. அந்த அதிர்ச்சி தண்ணீர் வழியாக மீனைப் போய் அடிக்கும்.

ஒரு தகவல், கேட்கச் சுவையானது. ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்துபோனாலும் தங்கமீன் சில நாள் தாக்குப்பிடிக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும். அதை நம்பிக் குளத்தை மூடவிடாதீர்கள், கோய் அவ்வளவு நேரம் தாங்காது.

துளையைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உடனே அடிச்சேற்றை அள்ள இறங்குவோம், அதுதான் கூடாது. கிளறினால் சேற்றுக்குள் அடைந்து கிடப்பதெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும், அடியில் முடங்கிய மீனுக்கு ஓடவும் தெம்பிருக்காது. மேல்மட்டத்தில் மட்டும் காற்று விட்டுத் துளையைப் பெரிதாக்குங்கள், மெல்ல வெளியேறட்டும். சேற்றை அள்ள வேண்டிய காலம் இலையுதிர் பருவத்தின் கடைசி, தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் இருக்கும்போது. மரம் இருக்கிற கொல்லை என்றால் இலை கொட்டத் தொடங்குவதற்கு முன்பே வலை கட்டிவிட வேண்டும், நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொட்டால், வலையில் விழுந்த இலை அங்கேயே ஊறிச் சாறு இறங்கும். வாடிய அல்லித் தண்டுகளையும் அப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள். இந்த ஆண்டு தவறிப்போயிருந்தால், மேலே மிதப்பதைக் கைவலையால் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மாற்றுவதைப் பற்றி. அளவுகள் கெட்டால் மட்டும் மாற்றலாம், ஒரு தடவைக்குப் பத்து சதவீதம், மெல்லிய ஒழுக்காக. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முறிமருந்து போடுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போது பல இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. சாதாரணத் தயோசல்பேட் முறிமருந்து குளோரினை மட்டும் முறித்து அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுவிடும். கோடையில் ஃபில்டர் அதைத் தின்றுவிடும், குளிர்காலத்தில் தின்ன ஆளில்லை. அம்மோனியாவைக் குறைக்கத் தண்ணீர் மாற்றி, அம்மோனியாவையே ஏற்றிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. மாற்றுவதற்கு முன் குழாய்த் தண்ணீரையும், முறிமருந்து போட்டபின், அதே கிட்டில் ஒரு முறை பாருங்கள்.

அம்மோனியா 1ஐ நோக்கி ஏறினால் எனக்குப் பிடித்த வழி சியோலைட் கல். அது பாக்டீரியாவை நம்பியிருப்பதில்லை, அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், குளிரிலும் வேலை செய்யும். வலைப்பையில் போட்டு, தண்ணீர் ஓடும் வழியில் தொங்கவிடுங்கள். ஒரே நிபந்தனை, குளத்தில் உப்பு இருக்கக்கூடாது. உப்புத் தண்ணீரில் அதே வினை தலைகீழாக ஓடும், கல் பிடித்து வைத்ததையெல்லாம் திருப்பிக் கக்கும். சியோலைட்டைப் புதுப்பிக்க அதை அடர்ந்த உப்புநீரில் ஒருநாள் ஊறப்போடுவதே இந்தக் காரணத்தால்தான். ஆக சியோலைட்டா உப்பா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

உப்புப் போட்டால் குளம் உறையாது என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. 1000 லிட்டருக்கு 1 கிலோ போட்டால் உறைநிலை 0.06 டிகிரி இறங்கும், அவ்வளவுதான். உறையாமல் இருக்கும் அளவுக்குப் போட்டால் அது கடல், அதில் கோய் வாழாது. நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பும் ரசாயனமும் குளத்துப் பக்கம் வழிந்துவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனிக்கப்படாமல் போகும் இன்னொன்று கேஎச், அதாவது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை. பிஎச்சைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். மழையிலும் உருகும் பனியிலும் இது கிடையாது என்பதால், குளிர்காலம் முழுக்கக் குளம் நீர்த்துக்கொண்டே போகும். வசந்தத்தில் பாக்டீரியா விழித்ததும் மிச்சமிருப்பதையும் தின்னத் தொடங்கும். அது தீர்ந்த இரவில் பிஎச் 6க்குக் கீழே சரியும். மாதம் ஒரு முறை பாருங்கள், 4 டிகிரி கேஎச்சுக்குக் (இந்த டிகிரி வெப்பமல்ல, கடினத்தன்மையின் அலகு) கீழே இறங்கவிடாதீர்கள். ஏற்றுவதற்குச் சமையல் சோடா போதும். 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 1 கேஎச் ஏறும், உங்கள் குளத்துக்கு 120 கிராம். வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 1 கேஎச்சுக்கு மேல் வேண்டாம். பிஎச் ஏற்கெனவே சரிந்து, அம்மோனியாவும் அதிகமாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். பிஎச்சைச் சட்டென்று தூக்கினால், அதுவரை அம்மோனியமாகச் சாதுவாகக் கிடந்தது தனி அம்மோனியாவாக மாறித் தாக்கும். முதலில் சியோலைட், பிறகு சோடா.

குளம் ஒருபோதும் உறையாத ஊரில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவையில்லை. தண்ணீர் 15க்கு மேலேயே நின்றால் பாக்டீரியா மெதுவாக வேலை செய்துகொண்டுதானிருக்கும், தீனியைக் குறைத்தால் போதும். திலேப்பியா வளர்ப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், 16 டிகிரியிலேயே தின்பதை நிறுத்திவிடும், 10ஐ நெருங்கினால் சாகத் தொடங்கும்.

உண்மையான சோதனை குளிர் விலகும்போதுதான் வருகிறது. தண்ணீர் 8, 10 டிகிரிக்கு ஏறும்போது கிருமிகள் முதலில் விழிக்கும், மீனின் எதிர்ப்புச் சக்தி பின்னால்தான் வரும். துடுப்பில் சிவப்புக் கோடு, செதிலடியில் புண், தரையில் உரசிக்கொள்வது எல்லாம் இந்த இடைவெளியில்தான் தலைகாட்டும். ஃபில்டரிலும் இதே கதை. அம்மோனியாவைத் தின்பவை முதலில் எழும், நைட்ரைட்டைத் தின்பவை தாமதமாக எழும். நடுவில் நைட்ரைட் குவியும். அது இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்து இரத்தத்தைப் பழுப்பாக்கும், தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். இங்கேதான் உப்புக்கு வேலை. 1000 லிட்டருக்கு 1 கிலோ, உங்கள் குளத்துக்கு 4 கிலோ, இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றினால், குளோரைடு செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் தடுக்கும். கட்டிதட்டாமலிருக்கச் சேர்மானம் கலந்த உப்பு வேண்டாம், வெறும் கல்லுப்பு போதும். அதற்கு முன் சியோலைட் பையை வெளியே எடுத்துவிடுங்கள். அல்லிக்கு உப்பு பிடிக்காது என்பதால், நைட்ரைட் இறங்கியதும் சின்னச் சின்னத் தண்ணீர் மாற்றத்தில் உப்பை வெளியேற்றிவிடலாம்.

அந்த வாரங்களில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள். விடிகாலைத் தண்ணீர் ஒரு வாரம் தொடர்ந்து 10க்கு மேல் நின்றபிறகு, ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குத் தீனியைத் தொடங்கலாம். மறுநாள் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறினால் தீனியை நிறுத்திவிட்டு ஃபில்டருக்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.